இடது காலுக்கு மட்டும்

தடுப்பு முகாம், டெக்சாஸ்
பிப்ரவரி 9, 2025

அன்புள்ள சகலைக்கு,

நான் நலம் என்று எழுதினால் பொய். உயிரோடு இருக்கிறேன். நீங்கள், வான்மதி அக்கா, மானஸா மூவரும் நலம்தானே?

கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. கடைசியாக எழுதியது பத்தாம் வகுப்பில், தமிழ் இரண்டாம் தாளில். இங்கே போன் இருக்கிறது, ஆனால் பேசுவதெல்லாம் பதிவாகும். கடிதத்தையும் பிரித்துப் பார்ப்பார்கள், ஆனால் தமிழ் படிக்க இவர்களிடம் ஆள் இல்லை. அதனால் பேப்பர்.

விஷயத்துக்கு வருகிறேன். ரிச்சர்ட்சனில் என் ஆபீஸ் பார்க்கிங்கில் வைத்துப் பிடித்தார்கள். நாம் எடிசன் ஊரில் இருந்தபோது நம் பழைய கம்பெனி விசாவுக்காகக் கொடுத்த, வேலை காத்திருக்கிறது என்று சொல்லும் கிளையன்ட் லெட்டர் போலி என்று இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள். அது போலி என்பது நமக்கு அன்றைக்கே தெரியும். புதுச் செய்தி என்னவென்றால், அதைத் தயாரித்ததே நான்தானாம். எனக்கு மட்டுமல்ல, கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் நம்மோடு இருந்த எல்லோருக்கும் நானே அடித்துக் கொடுத்தேனாம். யாரோ அப்படிச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். பெயரைத் தரமாட்டார்களாம்.

ஓனரின் அறையில் பிரிண்டரிலிருந்து அந்த லெட்டர் வெளியே வந்தபோது பக்கத்தில் நின்றவர்கள் நீங்களும் நானும்தான். நீங்கள் வந்து ஜட்ஜிடம், "ஓனர்தான் செய்தார், என் கண்ணால் பார்த்தேன்" என்று சொன்னால் நான் வெளியே. சொல்லாவிட்டால் ஊருக்கு. லாஜிக் இவ்வளவுதான்.

வேறு யாரிடம் கேட்பேன்? சம்பளம் கேட்டதற்காக நம் பெட்டிகளைப் பனியில் எறிந்துவிட்டு ஓனரின் ஆள் வேனைக் கிளப்பினான். பின்னால் போய் நின்றது நீங்கள் ஒருவர்தான். அவன் ரிவர்ஸ் எடுத்தான். உங்கள் இடது காலில் இன்னும் பிளேட் இருக்கிறது. அந்தக் கால் உடைந்த பிறகுதான் எங்கள் எல்லோருக்கும் சம்பளம் வந்தது. தளபதி என்று சும்மாவா கூப்பிட்டோம்? உங்களுக்குச் சகலை ஆகலாம் என்பதற்காகத்தான் உன்னைக் கட்டினேன் என்று ரோஷினியிடம் சொல்லி எத்தனையோ முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்கு இது ஐந்தாம் மாதம். கார் ஓட்டவும் தெரியாமல் ரிச்சர்ட்சனில் தனியாக இருக்கிறாள். ஃப்ரீமான்ட் கூட்டிப்போய்விடுங்கள்.

பெரியவர்களுக்கு எழுதும் கடிதத்தை இப்படி முடிக்க வேண்டும் என்று தமிழ் வாத்தியார் சொல்லித்தந்தார். இரண்டு மார்க்:

தங்கள் கால்களை வணங்கும்,
முகிலன்


ஃப்ரீமான்ட்
பிப்ரவரி 27, 2025

பாசத்துக்குரிய தம்பி முகிலனுக்கு,

ஆண்டவன் அருளால் இங்கு குறையில்லை. உன் உடம்பும் உள்ளமும் உறுதியாக இருக்கும் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

உன் மடல் கண்டேன், கண்கள் குளமாகின. சிங்கத்தைக் கூண்டில் அடைத்தால் அது பூனையாகிவிடுமா? எடிசன் பாசறையில் நாம் பட்ட பாடு, அந்தப் பனி, அந்தப் பசி, அதிலே பூத்த நம் உறவு! களத்தில் தன் ஆட்களை விட்டுவிட்டு வந்தவன் என்று இந்த நெடுஞ்செழியனை ஒருவனும் சொல்லிவிட முடியாது. வருவேன் தம்பி. நான் இருக்கிறேன்.

ரோஷினியை வான்மதி போய் அழைத்து வந்துவிட்டாள். மாடியறை அவளுக்குத்தான். மவ்ரி அவென்யூ கடையில் மாங்காய் வாங்கிக் கொடுத்தோம். எங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றி நீ கவலைப்படாதே.

ஒன்று மட்டும். பிரிண்டர், ஓனர் அறை என்றெல்லாம் கடிதத்தில் விரித்து எழுதாதே. நாள்பட்ட சங்கதி. அன்று யார் எங்கே நின்றோம் என்பது எனக்கே துல்லியமாக நினைவில்லை.

குளிருக்குக் கால் குடைகிறது.

என்றும் உன் பின்னால் நிற்கும்,
நெடுஞ்செழியன்


தடுப்பு முகாம், டெக்சாஸ்
மார்ச் 14, 2025

அன்புள்ள சகலைக்கு,

எனக்கு லேசான சளி, மற்றபடி ஓடுகிறது. உங்கள் கால்வலி எப்படி? வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், வெறும் தைலத்தை நம்பாதீர்கள்.

நினைவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை என்னிடம் சொல்லலாம், ஜட்ஜிடம் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் பிரிண்டருக்கு வலப்பக்கம் நின்றீர்கள். பேப்பர் சிக்கியது. நீங்கள்தான் ட்ரேயை இழுத்து எடுத்துக் கொடுத்தீர்கள். இப்போது நினைவு வந்ததா? என் வக்கீல் உங்களுக்கு மூன்று மெயில் போட்டாராம், பதில் இல்லையாம். ஸ்பாம் ஃபோல்டரைப் பாருங்கள்.

ஒரு நல்ல விஷயம். இங்கே அலமாரியில் ஒரு புத்தகம் கிடைத்தது. அமெரிக்கச் சுதந்திரப் போர். நடுவில் தையல் பிரிந்து இரண்டாகிவிட்டது. முதல் பாதி என்னிடம், இரண்டாம் பாதி பக்கத்து பிளாக்கில் யாரிடமோ. படித்ததும் உங்கள் ஞாபகம்தான். பெனடிக்ட் ஆர்னால்ட் என்று ஒரு ஜெனரல். சாரடோகா என்ற இடத்தில் சண்டை. மேலதிகாரி இவருடைய பொறுப்பைப் பறித்துக் கூடாரத்தில் உட்காரவைத்துவிட்டான். மனிதர் கேட்கவில்லை. குதிரையில் பாய்ந்து போய் எதிரி வரிசையை உடைக்கிறார். காலில் குண்டு. குதிரை வேறு அதன் மேல் விழுகிறது. எந்தக் கால்? இடது கால்! படித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. சண்டையில் ஜெயித்த பெயர் மேலதிகாரிக்குப் போனது, நம் கம்பெனி மாதிரியே. மீதிக் கதை எப்படியும் ஜெயிக்கிற கதைதான், அவர்கள் நாடே இருக்கிறதே.

எங்கள் பெனடிக்ட் ஆர்னால்ட் நீங்கள்தான். மானஸாவிடம் சொல்லுங்கள். ஸ்கூலில் படித்திருப்பாள். அப்பாவின் அருமை தெரியட்டும்.

தங்கள் கால்களை வணங்கும்,
முகிலன்


ஃப்ரீமான்ட்
ஏப்ரல் 3, 2025

என் அன்புக்கு,

நானும் வயிற்றில் இருப்பவரும் சௌக்கியம். சளிக்கு மிளகு கிடைக்குமா அங்கே? கிடைக்காது. வெந்நீராவது கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். பிரிண்டர் பகுதியைத் தாண்டிவிட்டார். ஜெனரல் வந்ததும் குரலே மாறிவிட்டது. எழுந்து நின்று, குதிரை, குண்டு, கால் என்று ஏற்றி இறக்கிப் படித்தார். அக்கா ரசக் கரண்டியோடு நின்று, "ஏனுங்க, மேடையெல்லாம் அப்புறம் ஏறலாம், சோறு ஆறுது" என்றாள்.

"இருடி. மானஸா, கேட்டியா? சித்தப்பா அப்பாவை யாரோட கம்பேர் பண்றார் தெரியுமா? பெனடிக்ட் ஆர்னால்ட்!"

மானஸா அப்பளத்தைக் கீழே வைத்தாள். "டாட், நோ. ஹீ இஸ் த ட்ரெய்ட்டர்."

"என்னடி சொல்ற?"

"லைக், *த* ட்ரெய்ட்டர்."

தன் கோட்டையையே எதிரிக்கு விற்கப் பார்த்த துரோகியாம். பிறகு எதிரி பக்கமே போய் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டானாம். கிளாஸில் யாராவது மிஸ்ஸிடம் போட்டுக்கொடுத்தால் அந்தப் பேரைச் சொல்லித்தான் திட்டுவார்களாம். எல்லாம் இங்கிலீஷில் பொரிந்து தள்ளினாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, குழந்தை உதைத்தது. அக்காவும் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

மாமா சிரிக்கவில்லை. பாதித் தட்டில் எழுந்து போய்விட்டார். கை கழுவப் போனவர் வரவே இல்லை, தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முகிலனுக்கு யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?" என்றார்.

"என்னது மாமா?"

"ஒண்ணுமில்ல போ."

மனசு நொந்துவிட்டார்ங்க. நீங்கள் பாதி படித்துவிட்டு எழுதியது என்று நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார். ஒரு வரி மன்னிப்புக் கேட்டு எழுதிவிடுங்கள். நாம் அவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிடுகிறோம்.

உங்கள்
ரோஷினி


தடுப்பு முகாம், டெக்சாஸ்
ஏப்ரல் 12, 2025

அன்புள்ள சகலைக்கு,

சளி போய்விட்டது, அவமானம்தான் போகாமல் நிற்கிறது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும், என்மேல் கோபம் இல்லாமலும் இருக்க வேண்டும்.

தப்பு என்னுடையது. பாதிப் புத்தகத்தை நம்பி முழு மனிதரை ஒப்பிட்டுவிட்டேன். ஆர்னால்ட் என்றால் நமக்கெல்லாம் ஜிம்தானே தெரியும்? இங்கே காவல்காரனிடம் விசாரித்தேன். "உன் சகலை ரொம்ப நல்லவரோ?" என்று கேட்டுவிட்டு அரைமணி நேரம் சிரித்தான். உங்களைப் போய் அந்தப் பேரால் கூப்பிட்டேனே. செருப்பால் அடியுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

விசாரணை ஜூன் 12. வக்கீலுக்கு ஒரு வரி பதில் போடுங்கள். வீடியோவில் வந்தாலும் போதுமாம். ஃப்ரீமான்ட்டிலிருந்து கிளம்பக்கூட வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசலாம்.

தங்கள் கால்களைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு வணங்கும்,
முகிலன்


ஃப்ரீமான்ட்
மே 4, 2025

தம்பி முகிலனுக்கு,

அனைவரும் நலம். நீயும் நலமென்றே கொள்கிறேன்.

மன்னித்தேன். சிறியோர் செய்த பிழை பெரியோர் பொறுப்பது நம் மரபு. அந்தச் சொல் என்னை எவ்வளவு சுட்டது என்பதை நீ அறியமாட்டாய். பல நாள் உறக்கமில்லை. இருந்தும் உன்னை வெறுக்க என்னால் முடியவில்லை.

ஒரு மகிழ்ச்சி. கிரீன் கார்டு வந்துவிட்டது. போன வருடம் நடந்த இன்டர்வியூவில் பழைய கம்பெனி பற்றியெல்லாம் துருவித் துருவிக் கேட்டார்கள். எப்படியோ ஆஞ்சநேயர் கரை சேர்த்தார். வான்மதி உங்கள் டெக்சாஸ் ஃபிரிஸ்கோ கோவிலுக்கு வடைமாலை நேர்ந்திருக்கிறாள்.

கனத்த இதயத்தோடு ஒன்று சொல்கிறேன். இந்த வழக்கை இழுப்பதில் பயனில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு நீயாகவே ஊருக்குப் போய்விட்டால் மரியாதையோடு போகலாம். ஈரோட்டில் வேலையா இல்லை? நான் சாட்சி சொல்லிப் பழையதைக் கிளறினால் நாம் எல்லோருமே அகப்படுவோம். ஒரு தளபதி படை முழுவதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

உன் நலம் நாடும்,
நெடுஞ்செழியன்


தடுப்பு முகாம், டெக்சாஸ்
மே 17, 2025

அன்புள்ள சகலைக்கு,

நலம். நீங்களும் நலம், கார்டு வந்துவிட்டதே.

வாழ்த்துகள். ஆனால் கணக்கு உதைக்கிறது. கார்டு வரும்வரை பயந்தீர்கள், சரி. இப்போது என்ன பயம்? படை என்கிறீர்கள். படையில் உள்ளே கிடப்பவன் நான் ஒருவன்தான். மற்றவர்களை யாரும் தேடவில்லை. அத்தனை பேருக்கும் சேர்த்துச் செய்த குற்றவாளி நான் என்று முடிவு செய்துவிட்டார்களே, எதற்குத் தேடப்போகிறார்கள்?

கையெழுத்துப் போடமாட்டேன். ஜூன் 12 காலை வீடியோவை ஆன் பண்ணுங்கள். ஓனர் செய்தார். பார்த்தேன். இரண்டே வாக்கியம். மேடையில் ஒரு மணி நேரம் பேசுகிறவருக்கு இதுவா கஷ்டம்?

அன்று நீங்கள் வேனுக்குப் பின்னால் போய் நின்றபோது யோசிக்கவில்லை. அந்த ஆள்தான் எனக்கு வேண்டும்.

புத்தகத்தின் இரண்டாம் பாதி கிடைத்திருக்கிறது. படித்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கள் கால்களை வணங்கும்,
முகிலன்


ஃப்ரீமான்ட்
ஜூன் 19, 2025

அன்புத் தம்பிக்கு,

தாயும் சேயும் நலம். ஆண் குழந்தை! உன் மூக்கு. ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியது நான்தான். நாக்கில் சேனை தொட்டு வைத்ததும் நான்தான். நீ இல்லாத குறையை உணரவிடவில்லை.

பன்னிரண்டாம் தேதி என்னால் வர முடியாமல் போனதற்கு நீ வருந்தாதே. காலையில் ரோஷினிக்காக வான்மதியோடு மருத்துவமனையில் இருந்தேன், நெட்வொர்க்கும் சரியில்லை. தீர்ப்பு உனக்கு எதிராகப் போனதைக் கேட்டு இடிந்துபோனேன். அங்கே அந்தச் சாட்சி விஷயம் வந்ததா? யார் என்று பெயர் சொன்னார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நீ ஊருக்குப் போ. ரோஷினியும் குழந்தையும் எங்களோடு இருக்கட்டும். பிள்ளை அமெரிக்கன். அவன் எதற்கு ஈரோட்டு வெயிலில் காய வேண்டும்? நானே வளர்க்கிறேன். மானஸாவுக்குத் தம்பி இல்லாத குறையும் தீரும்.

ஜூலை ஐந்தாம் தேதி, சுதந்திர தின விடுமுறையில், நம் எடிசன் ஆட்கள் எல்லோரும் இங்கே வருகிறார்கள். எனக்குப் பாராட்டு விழாவாம். நாகமணி ஹால் பிடித்துவிட்டான். 'தளபதியின் காலுக்கு வணக்கம்' என்று பேனர் அடிக்கிறானாம். எல்லோரும் வரிசையில் வந்து காலில் விழுவார்களாம். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. நீ இல்லாததுதான் குறை.

உன் அண்ணன் போன்ற,
நெடுஞ்செழியன்


தடுப்பு முகாம், டெக்சாஸ்
ஜூன் 26, 2025

சகலைக்கு,

என் நலத்தை விடுங்கள். உங்கள் இடது காலின் நலம் அறிய ஆவல்.

சாட்சியின் பெயரைச் சொன்னார்களா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லவில்லை. கறுப்பு மையால் அழகாக அடித்திருந்தார்கள். பெயர், ஊர், வேலை, எல்லாம் அடித்தாயிற்று. அரசு வக்கீல் வாக்குமூலத்தை உரக்கப் படித்தார். ஒரு வாக்கியம் இப்படி வந்தது: "இதை நான் கனத்த இதயத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் அவன் என்னுடைய கோ-பிரதர்."

ஜட்ஜ் கையைத் தூக்கினார். "கோ-பிரதர் என்றால்? கூட்டுக் குற்றவாளியா?"

அரசு வக்கீலுக்குத் தெரியவில்லை. என் வக்கீலுக்கும் தெரியவில்லை. அது இந்த நாட்டு இங்கிலீஷ் இல்லை சகலை. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடங்கள் தயாரித்த இங்கிலீஷ். பெயரை அடித்தவனுக்கு அது ஒரு உறவு என்றே தெரியாததால் விட்டுவிட்டான்.

எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லியும் போனில் ஒருவரை வைத்திருந்தார்கள். பத்மராணி என்று ஒரு இலங்கை அம்மா. ஜட்ஜ் அவரைக் கேட்டார். அவர் என்னைக் கேட்டார்.

"தம்பி, கோ-பிரதர் எண்டா ஆர்?"

"சகலைங்க" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

"ஓ, சகலனோ!" என்று சிரித்துவிட்டு அவர் ஜட்ஜுக்கு விளக்கினார். மனைவியின் சகோதரியைக் கட்டியவர். ஜட்ஜ் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு அப்படி எத்தனை பேர்?"

"ஒருவர்."

அந்த அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "ஐயோ தம்பி" என்றார். அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

வீடியோத் திரையில் உங்கள் பெயர் போட்ட கட்டம் கறுப்பாகவே இருந்தது. நீங்கள் வரவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். வாக்குமூலம் நின்றது. நான் தோற்றேன்.

உங்கள் இன்டர்வியூவில் என்ன நடந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. லெட்டர் யார் செய்தது என்று கேட்டிருப்பார்கள். ஓனர் என்று சொன்னால், போலி என்று தெரிந்தும் ஏன் உபயோகித்தாய் என்பார்கள். நான் என்று சொல்லிவிட்டால் நீங்களும் ஏமாந்தவர். கார்டு கைக்கு வந்துவிடும். பிறகு என் மனைவிக்கு மாங்காய் வாங்கிக் கொடுத்தீர்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் மன்னித்தீர்கள்! அந்த ஒரு கடிதத்தை மட்டும் தினமும் படிக்கிறேன்.

இரண்டாம் பாதியை முடித்துவிட்டேன். ஆர்னால்டோடு சேர்ந்து சதி செய்த எதிரிப் படை ஆள் மாட்டிக்கொண்டான், தூக்கில் போட்டார்கள். இவர் படகேறித் தப்பிவிட்டார். அதில் ஒரு கதை வருகிறது. நடந்ததா என்று புத்தகமே சந்தேகப்படுகிறது. கட்சி மாறிய பிறகு, பழைய படையைச் சேர்ந்த ஒருவன் இவரிடம் கைதியாகச் சிக்கினானாம். "நான் உங்களிடம் அகப்பட்டால் என்ன செய்வீர்கள்?" என்று ஆர்னால்ட் கேட்டாராம். அவன் சொன்னான்: "எங்களுக்காக அடிபட்ட காலை வெட்டி எடுத்து ராணுவ மரியாதையோடு புதைப்போம். மீதியைத் தூக்கில் தொங்கவிடுவோம்."

சாரடோகாவில் அந்தக் காலுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. படம் போட்டிருக்கிறார்கள். ஒற்றை பூட்ஸ் மட்டும். பெயர் இல்லை.

நேற்று ரோஷினியிடம் போனில் சொல்லிவிட்டேன். பதிவாகும் போன்தான், ஆகட்டும். அழுவாள் என்று நினைத்தேன். குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், "விழாவுக்கு எந்தப் புடவை கட்டட்டும்?" என்றாள்.

என் பிள்ளையை நீங்கள் வளர்க்க வேண்டாம். அவனுக்குப் பாஸ்போர்ட் வந்ததும் இருவரும் ஈரோடு வருகிறார்கள். அதற்கு முன்னால் விழா இருக்கிறது. எல்லோரும் வரிசையில் வந்து விழுந்த பிறகு, கடைசியாக ரோஷினி குழந்தையோடு வருவாள். உங்கள் இடது காலை மட்டும் தொட்டுக் கும்பிடுவாள். நாகமணிக்கு வாய் சும்மா இருக்காது, "என்னம்மா ஒத்தக் கால்?" என்று கேட்பான். அவள் பதில் சொல்வாள். மைக் பக்கத்திலேயே இருக்கும். வான்மதி அக்காவும் அங்கேதான் நிற்பார். மானஸாவுக்கு மட்டும் யாரும் விளக்க வேண்டியதில்லை.

விழாவை நிறுத்தலாம். ஏன் என்று கேட்பார்கள், அதற்கும் அவளே பதில் சொல்வாள். ரோஷினியை வீட்டை விட்டு அனுப்பலாம். பச்சை உடம்புக்காரியை ஏன் அனுப்பினாய் என்று உங்கள் மனைவி கேட்பார். எல்லா வழியும் போட்டுப் பார்த்துவிட்டேன், நான் இன்ஜினீயர். இந்தக் கடிதம் கிடைத்த நிமிடத்திலிருந்து அந்த மேடை வரை நீங்கள் நடந்துதான் வர வேண்டும்.

இடது காலுக்கு ஒன்றும் ஆகாது. அது எங்களுக்காக உடைந்த கால், அதற்குரிய மரியாதையைக் குறைக்கமாட்டோம். அவள் குனியும்போது வலது காலைப் பின்னால் எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் காலை வணங்கும்,
முகிலன்